சங்கிலியா, கயிறா? தோணிக்கு நங்கூரமிடும் முறை

பலாபத்வலவில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூடியிருந்த ஒரு நாளில், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய் ஒருவர் எழுந்து கேட்டார்: "சாமி, குளத்துல ஓடுற தோணிக்கு சங்கிலி வாங்குறதா, கயிறு வாங்குறதா? ரெண்டையும் வாங்க எங்ககிட்ட காசு இல்ல."

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். ஆனால் அது சிரிக்கக்கூடிய கேள்வி அல்ல. தோணி கடனில் வாங்கியது. அதில் போகிறவர் அவருடைய மகன். நங்கூரம் பிடிக்காவிட்டால் தோணியும் போகலாம், மகனும் போகலாம். அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலை, அதே நிலையில் உள்ள எல்லாக் குடும்பங்களுக்காகவும் இங்கே விரிவாகத் தருகிறோம்.

பலாபத்வலவிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே சென்றால் நாலந்தா, அதன்பின் நாவுல. நாவுலயில் எலஹெர வீதியில் திரும்பினால் முதலில் போவத்தன்ன நீர்த்தேக்கம், அப்பால் மொரகஹகந்த. மொரகஹகந்தவில் 2017 ஆம் ஆண்டு நீர் தேங்கத் தொடங்கியது. களுகங்கை நீர்த்தேக்கத்தில் 2018 இல். வயலும் வீடும் வீதியும் இருந்த இடங்களின் மேல் இன்று தண்ணீர் நிற்கின்றது. ஏர் பிடித்த கைகள் பல, இந்நாட்டின் எத்தனையோ குளக்கரைகளில், இன்று துடுப்புப் பிடிக்கப் பழகுகின்றன. ஆபிரிக்காவிலிருந்து 1952 இல் கொண்டுவந்து எமது குளங்களில் விட்ட திலாப்பியா மீன், நிலமிழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று கறியாகவும் கைச்செலவாகவும் இருக்கின்றது.

கடலோரத்தில் பிறந்த பிள்ளை நங்கூரமிடுவதைத் தகப்பனிடம் பார்த்தே பழகிவிடும். கமக்காரனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் கமக்காரனுக்குத் தெரிந்த வேறு சில விடயங்கள் உண்டு. அவற்றைக் கொண்டே இதனை விளங்கிக்கொள்ளலாம்.

நங்கூரம் எப்படிப் பிடிக்கின்றது?

நங்கூரத்தின் பாரமே தோணியை நிறுத்துகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மைதான். மண்வெட்டியை நிலத்தில் ஓங்கிக் குத்துங்கள். பிடியை நிலத்தோடு ஒட்டி உங்கள் பக்கம் இழுத்தால் மண்வெட்டி மேலும் மண்ணுக்குள் இறங்கும். பிடியை மேலே தூக்கினால் சுலபமாகக் கழன்று வந்துவிடும். நங்கூரமும் அப்படியே. கிடையாக இழுத்தால் கடிக்கும், மேலே இழுத்தால் விடும்.

மாட்டைக் கட்டும் முளையையும் நினைத்துப் பாருங்கள். நீளக் கயிற்றில் கட்டிய மாடு இழுத்தால் முளை அசையாது. முளைக்கு மேலேயே தலை நிற்கும்படி கட்டைக் கயிற்றில் கட்டினால் இரண்டு முறை தலையை உயர்த்தும்போதே முளை பிடுங்கிக்கொள்ளும்.

ஆகவே சங்கிலியானாலும் கயிறானாலும் முதல் விதி ஒன்றே: நங்கூரத்தை இழுக்கும் இழுப்பு, குளத்தின் தரையோடு ஒட்டியதாக இருக்கவேண்டும். இதைச் சங்கிலி தன் பாரத்தால் செய்கின்றது, கயிறு தன் நீளத்தால் செய்கின்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இதுதான்.

சங்கிலியின் நன்மையும் குறையும்

சங்கிலி பாரமானது. எட்டு மில்லிமீற்றர் கனமுள்ள சங்கிலி ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ நிறுக்கும். அது தரையில் கிடந்து நங்கூரத்தின் தண்டை எழும்ப விடாமல் அழுத்துகின்றது. சாதாரண காற்றில் தோணி முதலில் சங்கிலியைத் தரையிலிருந்து தூக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் நங்கூரத்தை அசைக்கலாம்.

இரண்டாவது நன்மை, கல்லும் கட்டையும் அதை அறுக்க முடியாது. புதிய நீர்த்தேக்கங்களின் அடியில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளும், பழைய வீடுகளின் அத்திவாரங்களும், பாறைகளும் உண்டு. இரவு முழுவதும் தோணி அசைய அசைய, கயிறு அந்தக் கல்லில் உரைந்துகொண்டே இருக்கும். விடியும்போது நூலளவே மிஞ்சியிருக்கலாம்.

குறைகளும் உண்டு. முதலாவது, பாரம். எமது குளங்களில் ஓடுவன பெரும்பாலும் பக்கத்தில் மிதவைக்கட்டை கட்டிய, துடுப்பால் வலிக்கும் சிறிய பைபர் தோணிகள். மூன்று பாகம் ஆழத்தில் முழுவதும் சங்கிலியால் நங்கூரமிடுவதானால் ஏறக்குறைய 24 மீற்றர் தேவை. அது 34 கிலோவுக்கு வரும். ஒரு பை சீமெந்தில் மூன்றில் இரண்டு பங்கு! இரண்டு ஆட்களும் வலையும் மீனும் ஏறிய தோணியின் முன்பக்கத்தில் அந்தப் பாரத்தையும் ஏற்றினால் அலை உள்ளே ஏறும்.

இரண்டாவது, சங்கிலி இளகிக் கொடுக்காது. காற்று கடுமையானால் தொங்கிய சங்கிலி நிமிர்ந்து கம்பிபோல விறைத்து நிற்கும். அதன்பின் ஒவ்வொரு அலையும் சம்மட்டி அடிபோலத் தோணியின் முனையில் விழும். வளையம் பிடுங்கும், பைபர் வெடிக்கும். ஆழம் குறைந்த இடத்தில் இது இன்னும் விரைவாக நேரும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தோணியைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்கக்கூடாது.

கயிற்றின் நன்மையும் குறையும்

கயிறு இலேசானது, மலிவானது, கைக்கு இதமானது. நைலோன் கயிறு இழுபடும்போது நீண்டு, மீண்டும் சுருங்கும். அந்த நெகிழ்வு அலையின் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். தோணிக்கும் நங்கூரத்துக்கும் நோகாது.

இவ்வறிவு எமது பிரதேசத்துக்குப் புதியதல்ல. 1344 இல் இலங்கைக்கு வந்த பயணி இபன் பதூதா, தும்புக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மரக்கலங்களைப் பற்றி எழுதியிருக்கின்றார். இரும்பாணி அடித்த கலம் பாறையில் மோதினால் உடைந்துபோகும், கயிற்றால் தைத்த கலம் இளகிக் கொடுத்துத் தப்பும் என்பது அவர் கூறும் விளக்கம். காலித் துறைமுகத்தின் அடியில் பழைய காலக் கல் நங்கூரங்களைத் தொல்லியலாளர் கண்டெடுத்துள்ளனர். அவற்றின் துளைகளில் ஒரு காலத்தில் கட்டியிருந்தது கயிறே. ஐரோப்பாவின் பெரிய கப்பல்களும் நெடுங்காலம் சணல் வடங்களையே நம்பின. பிரித்தானியக் கடற்படையைச் சேர்ந்த சாமுவேல் பிரவுன் 1808 இல் இரும்புச் சங்கிலியை முயன்று பார்த்தபின்தான் அங்கு நிலை மாறத் தொடங்கியது. பெரிய கப்பலுக்குச் சங்கிலி பொருந்தும். அதன் பாரத்தைச் சுமக்க அக்கப்பலால் முடியும். எமது தோணியால் முடியாது.

கயிற்றின் குறைகள்: கல்லில் உரைந்தால் அறுந்துவிடும், வெயிலில் கிடந்தால் உக்கிவிடும், பாரம் இல்லாததால் அதிக நீளம் விடவேண்டும்.

எந்தக் கயிறு?

கடையில் நீலம், பச்சை நிறங்களில் தொங்கும் எல்லாவற்றையும் நாம் "நைலோன் கயிறு" என்றே கேட்டு வாங்குகிறோம். அவற்றில் பல நைலோன் அல்ல. பொலிப்புரொப்பிலீன் என்னும் வேறொரு பொருள். வேறுபாட்டை அறிய ஒரு வாளி தண்ணீர் போதும். ஒரு சிறு துண்டைப் போட்டு, காற்றுக் குமிழி போக விரலால் அழுத்திவிட்டுப் பாருங்கள். தாழ்ந்தால் அது நைலோனாக இருக்கலாம். மிதந்தால் நிச்சயமாக நைலோன் அல்ல.

மிதக்கும் கயிறு நங்கூரத்துக்கு ஏற்றதல்ல. அது நீரின் மேல் கிடந்து மற்றவர்களின் துடுப்பிலும் வலையிலும் சிக்கும். நங்கூரத்தின் தண்டையும் மேல்நோக்கி இழுக்கும். வெயிலில் கிடந்தால் நார் நொறுங்கத் தொடங்கும். அதனை வலையின் மிதவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தும்புக் கயிறு நல்ல பொருள்தான். ஆனால் அதே பருமனுள்ள நைலோனின் பலத்தில் சிறு பங்கே அதற்கு உண்டு. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் உக்கும். அதனை அவசரத்துக்கு மட்டும் பாவியுங்கள்.

பருமன் எவ்வளவு? புதிய 12 மில்லிமீற்றர் நைலோன் கயிறு இரண்டு தொன்னுக்கு மேல் தாங்கும். சிறு தோணிக்கு அவ்வளவு பலம் தேவையில்லை. ஆனால் அதைவிட மெல்லிய கயிறு ஈரக் கையை அறுக்கும், உரைவதற்கும் அதில் இடமில்லை. ஆகவே 10 அல்லது 12 மில்லிமீற்றரே பொருத்தம்.

இரண்டையும் சேர்த்தல்

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். விடை: கொஞ்சம் சங்கிலி, நிறையக் கயிறு. நங்கூரத்தோடு சேர்ந்த முதல் இரண்டு பாகம் சங்கிலியாகவும், மிகுதி நைலோன் கயிறாகவும் இருக்கட்டும். (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறு அடி.)

இந்த இரண்டு பாகம் சங்கிலி ஐந்து கிலோ அளவிலேயே இருக்கும். அது தரையில் கிடந்து தண்டை அழுத்தும், கல்லின் உரைவைத் தாங்கும். மேலே உள்ள கயிறு அலையின் அடியை வாங்கும். ஒன்றின் குறையை மற்றது தீர்க்கின்றது.

அந்த இரண்டு பாகம் சங்கிலிக்கும் பணம் இல்லையானால் கயிற்றை மட்டும் வாங்குங்கள். ஆனால் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தரையோடு உரையும் முதல் பாகத்துக்குப் பழைய தண்ணீர்க் குழாயையோ சைக்கிள் டியூப்பையோ உறையாகப் போட்டுக் கட்டுங்கள். கட்டையான சங்கிலியைவிட நீளமான கயிறு பாதுகாப்பானது.

எவ்வளவு நீளம்?

நீரின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து தோணியின் முனை வரையுள்ள உயரத்தையும் கூட்டுங்கள். அமைதியான பகலில், ஆள் தோணியில் இருக்கும்போது அதன் மூன்று மடங்கு போதும். காற்று வீசும்போது கயிறும் சிறு சங்கிலியுமானால் ஆறு மடங்கு விடவேண்டும். முழுச் சங்கிலியானால் நான்கு மடங்கு. முழுக் கயிறானால் ஏழு மடங்கு.

உதாரணமாக, ஆழம் 18 அடி, முனையின் உயரம் 2 அடி. மொத்தம் 20 அடி. ஆறு மடங்கு 120 அடி, அதாவது 20 பாகம். இதில் 2 பாகம் சங்கிலி, 18 பாகம் கயிறு. கயிற்றில் இரண்டு பாகத்துக்கு ஒரு முறை நிறத்துணி கட்டிவைத்தால் இருளிலும் கையால் எண்ணலாம்.

நடுநீர்த்தேக்கத்தின் பெரும் ஆழத்துக்கு எந்தத் தோணியாலும் போதிய கயிறு கொண்டுபோக முடியாது. அங்கே நங்கூரத்தை நம்பாதீர்கள். சோளகக் காற்றுக் காலத்தில் மலைப்பக்கமிருந்து காற்று திடீரென இறங்கும். வானம் மாறும்போதே காற்று மறைவான குடாவை நோக்கி வலித்துவிட வேண்டும்.

கல்லைக் கட்டினால் போதாதா?

பலர் கருங்கல்லையோ சீமெந்துக் கட்டியையோ கட்டுகின்றனர். ஒரு கணக்கைப் பாருங்கள். 20 கிலோ கருங்கல் நீருக்குள் 12 கிலோவுக்குச் சற்று மேல்தான் நிறுக்கும். 20 கிலோ இரும்பு நீருக்குள்ளும் 17 கிலோவுக்கு மேல் நிற்கும். கல்லுக்குக் கடிக்கும் பல்லும் இல்லை. வலையின் நுனியை நிறுத்தக் கல் போதும். ஆள் இருக்கும் தோணிக்குப் போதாது.

கம்பியை வளைத்து ஒட்டிய நான்கு கொக்கி நங்கூரம் கல்லிலும் கட்டையிலும் நன்றாகப் பிடிக்கும். சேற்றில் அது கோடிழுத்துக்கொண்டு வரும். சேற்றுக்கு அகன்ற தகடுள்ள நங்கூரமே வேண்டும். கட்டைகள் நிறைந்த இடத்தில் நங்கூரத்தின் அடிப்பக்கத்தில் மெல்லிய கயிறொன்றைக் கட்டி அதன் நுனியில் சிறு மிதவையை விடுங்கள். நங்கூரம் சிக்கிக்கொண்டால் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பின்புறமாக இழுத்து எடுக்கலாம்.

கரையில் கட்டும்போது

சங்கிலியைப் பலர் விரும்புவதற்கு வேறொரு காரணம் உண்டு. அது கள்வர் பயம். மரத்தில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பது எண்ணம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குளக்கரையில் நான் கண்டது இன்னும் கண்ணில் நிற்கின்றது. ஒரு குடும்பம் தோணியின் முனையை முழங்கை நீளச் சங்கிலியால் மரவேரோடு பூட்டியிருந்தது. இரவில் மேற்பக்கம் பெருமழை. விடிவதற்குள் நீர்மட்டம் ஆளுயரத்துக்கு ஏறிவிட்டது. தோணி மிதக்கப் பார்த்தது, சங்கிலி விடவில்லை. முனை கீழே பிடிபட, நீர் உள்ளே புகுந்து, தோணி வலைகளோடு அடியில் போனது. பூட்டுத் திறக்கவில்லை, சங்கிலியும் அறவில்லை. கள்வனிடமிருந்து காத்த சங்கிலியே தோணியை மூழ்கடித்தது. அந்தக் குடும்பத்தின் தலைவர் கரையில் குந்தியிருந்து சாவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மாத்தளை மாவட்டத்தில் கொட்டிய மழையைக் கண்டவர்களுக்கு, நீர் எவ்வளவு விரைவில் ஏறும் என்று சொல்லித் தரத் தேவையில்லை. எனவே மூன்று வழிகளில் ஒன்றைக் கைக்கொள்ளுங்கள்.

1. தோணியை நிறைநீர் அடையாளத்துக்கு மேலே இழுத்து ஏற்றி, அங்கே சங்கிலியால் பூட்டுங்கள். இதுவே மிக நல்லது.

2. நீரில்தான் விடவேண்டுமானால், இன்றைய ஆழத்துக்கு அல்ல, குளம் நிறைந்தால் வரக்கூடிய ஆழத்துக்குக் கணக்கிட்டு நீளம் விடுங்கள். பூட்டு வேண்டுமானால் சங்கிலியும் அந்த நீளமே இருக்கவேண்டும்.

3. நிறைநீர் மட்டத்தைவிட உயரமான, வழுவழுப்பான கம்பத்தை ஊன்றி, அதில் தளர்வான வளையத்தைப் போட்டுத் தோணியைக் கட்டுங்கள். நீரோடு வளையமும் ஏறி இறங்கும்.

நீர் வற்றும் காலத்தில் இதற்கு மறுபக்கமும் உண்டு. கட்டைக் கயிற்றில் நிற்கும் தோணி நீர் இறங்கியதும் ஒரு பக்கம் சரிந்து கட்டையில் குத்தும். ஆகவே மதகு திறக்கும் நாட்களைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

நங்கூரமிடும் விதம்

நங்கூரத்தைச் சுழற்றி எறியவேண்டாம். சங்கிலி அதன்மேல் குவிந்து சிக்கும். காற்றை எதிர்நோக்கித் தோணியை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். தரை தட்டியதும் காற்று தோணியைப் பின்னே தள்ளட்டும், கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பாதி போனதும் சற்றுப் பிடித்துப் பாருங்கள். கடித்தால் கயிறு விறைக்கும். இழுபட்டால் கயிற்றில் ஒரு நடுக்கம் கைக்குத் தெரியும்.

கயிற்றின் மறுமுனையைத் தோணியின் முன்முனையிலேயே கட்டவேண்டும். நடுவிலோ பின்னாலோ பக்கத்திலோ கட்டினால் அலை பக்கவாட்டில் ஏறும், மிதவைக்கட்டை நீருக்குள் அமிழும், தோணி கவிழும்.

முடிச்சு கயிற்றின் பலத்தைக் குறைக்கும். சில முடிச்சுகளில் பாதிப் பலமே மிஞ்சும். கயிற்றின் புரிகளைப் பிரித்துப் பின்னிக் கண்ணி செய்யத் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். சங்கிலியோடு சேரும் கண்ணிக்குள் இரும்பு உறை வளையம் வைத்தால் கயிறு தேயாது.

கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு மலை முகட்டையும் ஒரே நேராகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் தோணி இப்படியும் அப்படியும் ஆடும்போது அவை சற்று விலகி மீண்டும் சேரும். ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகின்றது. உடனே மேலும் கயிறு விடுங்கள். அதற்காகவே எப்போதும் சில பாகம் மிச்சம் வைத்திருக்கவேண்டும்.

கயிற்றைக் கையிலோ காலிலோ சுற்றக்கூடாது. தோணியில் ஒரு கூரிய கத்தி இருக்கட்டும். தேவைப்பட்டால் கயிற்றை வெட்டிவிடலாம். சங்கிலியை வெட்ட முடியாது. சங்கிலியைத் தோணியோடு நேரடியாகப் பிணைக்காமல் கயிற்றுக்கு அப்பால் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உயிர்காப்பு அங்கி அணியாமல் எவரும் போகவேண்டாம். நங்கூரம் போனால் மறுபடி வாங்கலாம்.

மாதத்துக்கு ஒரு முறை

கயிற்றை முழுவதும் கை வழியாக ஓடவிட்டுப் பாருங்கள். நார் எழும்பிய இடம், மெலிந்த இடம், விறைத்த இடம் தெரிந்தால் அதை வெட்டி அகற்றுங்கள். சங்கிலியில் கண்ணியோடு கண்ணி உரையும் இடத்தைப் பாருங்கள். கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அதை நம்பவேண்டாம். நாகம் பூசிய சங்கிலி நீண்டநாள் உழைக்கும். சங்கிலியையும் கயிற்றையும் இணைக்கும் திருகாணியைக் கம்பியால் கட்டிவையுங்கள், தானே கழலும் இயல்பு அதற்கு உண்டு. வேலை முடிந்ததும் கயிற்றை நிழலில் சுருட்டித் தொங்கவிடுங்கள்.

தனித்தனியாக வாங்க முடியாதவர்கள் நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து ஒரு சுருள் கயிறு எடுத்தால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையும். எட்டுப் பாகம் சங்கிலி வாங்கி நான்காகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு பாகம். மீனவர் சங்கம் உள்ள இடங்களில் இதைச் சங்கத்தின் மூலமே செய்யலாம்.

அந்தத் தாயின் மகன் பின்னர் கயிறும் சங்கிலியும் வாங்கினார். கயிற்றில் இரண்டு பாகத்துக்கு ஒன்றாகத் தாயின் பழைய சேலைத் துண்டுகளைக் கட்டியிருந்தார். "எத்தனை துண்டு விட்டேன்னு அம்மாவுக்குச் சொல்லிட்டுத்தான் தூங்குவேன்" என்றார்.